தட்டு பறந்தது, நான் சோக் மாற்றிக்கொண்டிருந்தேன்

பயோடேட்டாவில் யாருமே படிக்காத வரி ஒன்று உண்டென்றால் அது பொழுதுபோக்குகள் என்கிற வரிதான். படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் பாதிப் பேர் அங்கே நீச்சலடிக்கிறார்கள், செஸ் ஆடுகிறார்கள். (என் நண்பன் ஒருவன் 'மலையேற்றம்' என்று போட்டிருக்கிறான். லிஃப்ட் ரிப்பேர் என்றால் ஆபீஸுக்கே லீவு சொல்பவன்.) என் கெட்ட நேரம், என்னுடையதை ஒருவர் படித்துவிட்டார்.

சென்னையில் எனக்கு குவைத் வேலை வாங்கித் தந்த கன்சல்டன்சிக்காரர், "ஹாபீஸ் காலியா இருக்கே சார், அரபிங்களுக்குப் பிடிச்ச மாதிரி எதாவது சொல்லுங்க" என்றார். எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, கையில் கிடைத்ததைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது. பேனா, ரிமோட், மிக்ஸி மூடி எதுவும் தப்பாது. ஒரு இடத்தில் சும்மா இருக்க எனக்கு வராது. அதை எப்படி எழுதுவது? கல்லூரி என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து ரைஃபிள் சுட்டது ஞாபகம் வந்தது. (என் குண்டு பக்கத்துப் பையனின் இலக்கில் பட்டு, பாராட்டு அவனுக்குப் போனது.) "ஷூட்டிங்" என்றேன். "பிரமாதம்" என்று கீபோர்டில் தட்டிவிட்டார்.

அதை நான் மறந்தே போனேன். ஃபஹாஹீல் பக்கம் ஆபீஸ், மங்காஃபில் ரூம், ரூம்மேட்டாக யாழ்ப்பாணத்து யோகன் என்று வருஷங்கள் ஓடின. ஊரில் மனைவி செல்வியும், வீடியோ காலில் மட்டுமே என்னைப் பார்த்து வளர்ந்த மகள் மதியும். ஃபேமிலி விசா போட வேண்டுமென்றால் கம்பெனியில் என் கிரேடு உயர வேண்டும். கிரேடு உயர வேண்டுமென்றால் மேனேஜர் அபூ நாசர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் குவைத்தி, பெரிய மனிதர், கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் பேச்சையே நிறுத்திவிடுவார். அதுதான் எங்களுக்குப் பயம்.

ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் என் ஃபைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். முகம் மலர்ந்தது.

"நீ ஷூட்டரா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே! வெள்ளிக்கிழமை ஷூட்டிங் கிளப்ல கான்ட்ராக்டர் டீமோட நமக்குப் போட்டி. நீயும் வா. கிரேடு விஷயத்தை சண்டே பேசலாம், இன்ஷா அல்லா."

(அவர் பேசியது ஆங்கிலம். வேர்த்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்ததைத் தமிழில் சொல்கிறேன்.)

வெளியே வந்ததும்தான் உறைத்தது. ஷூட்டிங் பொய் என்று தெரிந்தால், எழுதியிருக்கும் மற்றதெல்லாம் என்னவென்று நினைப்பார்? கிரேடு போகும். விசா போகும். மதி இன்னும் எத்தனை பிறந்தநாளுக்கு கேக்கை ஃபோனுக்கு ஊட்டுவாள்?

அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், பாத்ரூமில்கூட வீடியோ பார்த்தேன். காற்றில் பறக்கும் மண் தட்டைச் சுடுவதற்கு இரட்டைக் குழாய் ஷாட்கன். அதன் தோட்டாவுக்குள் ஒரு குண்டு இல்லை, நூற்றுக்கணக்கில் பொடிக் குண்டுகள். குழாய் முனையில் சோக் என்று சின்ன எஃகு வளையம் ஒன்றைத் திருகிப் போடுகிறார்கள். வாய் குறுகலான சோக் போட்டால் குண்டுகள் ஒட்டிக்கொண்டு தூரம் போகும், அகலமானது போட்டால் சீக்கிரமே விரியும். கழற்றலாம், மாட்டலாம்! எனக்கென்றே செய்ததுபோல ஒரு சாமான். வீடியோவில் இருந்த தாடிக்காரர் மிகக் குறுகலான 'ஃபுல்' சோக்கும் ஏழரை நம்பர் குண்டும்தான் சரி என்றார். நம்பர் குறையக் குறைய குண்டு பெரிசாம்.

"ஏழரையோ?" என்றான் யோகன். "அண்ணை, தமிழனாப் பிறந்த ஒருத்தன் தானாப் போய் அதைக் கேட்டு வாங்குவானோ?"

"இது சயின்ஸ் யோகன்" என்றேன்.

நான் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் இருந்தது. தாடிக்காரர் சுட்டது, சுடுபவரை விட்டு விலகி எங்கோ தொலைவுக்குப் பறந்த தட்டுகளை. எங்கள் கிளப்பில் நடந்தது ஸ்கீட். இரண்டு பக்கமும் இரண்டு கோபுரம், அதிலிருந்து தட்டு மூக்குக்கு முன்னால் குறுக்கே பறக்கும்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் பயிற்சியாளர் ஹானி என்ற எகிப்தியர், அகலமான சோக் போட்ட துப்பாக்கியையும் கடுகுபோன்ற ஒன்பதாம் நம்பர் தோட்டாவையும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"நோ. ரெண்டு குழாய்க்கும் ஃபுல். ஏழரை நம்பர்."

ஹானியின் புருவம் உயர்ந்தது. "ஸ்கீட்டுக்கா?"

"எனக்குப் பழக்கம் அப்படி" என்றேன். (எப்பேர்ப்பட்ட பழக்கம்!) பின்னால் நின்ற அபூ நாசர், "மாஷா அல்லா, விஷயம் தெரிஞ்ச ஆள்" என்று கான்ட்ராக்டர் டீம் காதில் விழும்படி சொன்னார். என் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் சரியாக விரிந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கிளப்பில் தட்டைப் பறக்கவிட ஆள் கிடையாது. நிற்கும் இடத்தருகே ஒரு மைக் இருக்கும். "புல்!" (ஆங்கிலத்தில் 'இழு') என்று கத்தினால் தட்டு தானாகப் பறக்கும். கத்தினேன். பறந்தது. ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, என்.சி.சி.யில் சொல்லித் தந்தபடி நிதானமாகக் குறி வைத்தேன். குறி முடிந்தபோது தட்டு அந்தப் பக்கம் தரையில் கிடந்தது.

அடுத்தது அவசரமாகச் சுட்டேன். ஃபுல் சோக்கில் அவ்வளவு கிட்டத்தில் குண்டெல்லாம் ஒரே கொத்தாகப் போகும். அந்தக் கொத்து தட்டுக்குப் பின்னால் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் அங்கேயே போனது.

தப்பு என்னிடம் என்று என் மூளை ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம். அது யோசித்ததெல்லாம் 'சோக்கை மாற்று' என்பதுதான். துப்பாக்கியைத் திறந்து, காலி என்று ஹானிக்குக் காட்டி, பின்னால் வந்து, சாவியால் திருகி வேறு சோக் போட்டேன். தவறியது. இன்னும் கொஞ்சம் அகலமாக ஒன்று. தவறியது. மேல் குழாய்க்கு ஒன்று, கீழ்க் குழாய்க்கு வேறு. வேடிக்கை பார்க்க என்னோடு வந்திருந்த யோகன் வரிசையில் இருந்தபடி முனகினான்: "விடுங்கோ அண்ணை. எத்தினை தரம் கழட்டிப் பூட்டுவியள்? துவக்குக்கே தலை சுத்தும்."

கடைசியில் ஹானி சொன்ன அதே அகலமான சோக்குக்கு வந்து சேர்ந்தேன். ஒரு தட்டின் ஓரத்தில் தூசி பறந்தது! அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மனிதன். 'இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் உடைஞ்சிருக்குமோ' என்று தோன்றிவிட்டது. திரும்பக் கழற்றினேன். அபூ நாசர் சற்று முன்புவரை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பேசவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. சோக்கைக் கோணலாக வைத்துத் திருகிவிட்டேன். மரை தப்பிச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"அய்யய்யோ!" என்று அலறினேன். மைக் அதைக் கேட்டது. கோபுரத்திலிருந்து ஒரு தட்டு கம்பீரமாகப் பறந்தது.

அந்த நேரம் பார்த்து, யோகனிடம் கொடுத்து வைத்திருந்த என் ஃபோன் அடித்தது. வெள்ளிக்கிழமை காலை செல்வி கூப்பிடும் நேரம். எடுக்காவிட்டால் மதி அழுவாள் என்று யோகனுக்குத் தெரியும், ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அவன் நின்றது மைக்குக்குப் பக்கத்தில்.

"ஏங்க!"

ஒரு தட்டு பறந்தது.

"ஏங்க, கைல என்னது அது? துப்பாக்கியா? போலீஸ்ல எதுவும் மாட்டிக்கிட்டீங்களா?"

இன்னொரு தட்டு பறந்தது. கான்ட்ராக்டர் டீமில் ஒருவர் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல செல்வி, இந்தச் சோக்கை மட்டும் மாத்திட்டு..."

"மிக்ஸியைத் திருகின மாதிரி திருகாதீங்க! போதும், வைங்க கீழ!"

மறுபடி ஒரு தட்டு. ஹானி ஓடிப்போய் மைக்கை அணைத்தார். நான் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, சொன்ன உடனே வைத்தேன்.

அபூ நாசர் எழுந்து வந்தார். விசா, கிரேடு, மதியின் கேக் எல்லாம் அந்தத் தட்டுகள் போன திசையில் போவது எனக்குத் தெரிந்தது.

"சார், நான் ஷூட்டர் இல்ல. சி.வி.யில சும்மா எழுதினது."

"தெரியும். முதல் தட்டுலயே தெரியும்" என்றார். "உனக்கு முன்னால இருந்தவன் குதிரையேற்றம்னு எழுதியிருந்தான். பாவம் அந்தக் குதிரை." பிறகு ஃபோனைக் காட்டி, "யார் அது?" என்றார்.

"என் மனைவி சார்."

"அவங்க அங்கிருந்து குரல் குடுத்தே மூணு தட்டைப் பறக்க விட்டாங்க. நீ துப்பாக்கி வெச்சுக்கிட்டு ஒண்ணைக்கூட உடைக்கல." பிறகு என் கையிலிருந்த சோக் சாவியை வாங்கிக்கொண்டார். "அவங்க சத்தம் கேட்டதும் துப்பாக்கியைக் கீழ வெச்சுட்ட. போதும்னு சொல்ல பக்கத்துல ஆள் இல்லாம ரொம்ப நாள் இருந்துட்ட. கூட்டிட்டு வா. சண்டே பேப்பரை எடுத்துட்டு வா, கலாஸ், விஷயம் முடிஞ்சுது."

போட்டியில் நாங்கள் கேவலமாகத் தோற்றோம். கையெழுத்து கிடைத்தது, செல்வியும் மதியும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது மங்காஃபில் யோகன் வேறு ரூம் பார்த்துப் போய்விட்டான், வாரம் தவறாமல் சாப்பாட்டுக்கு வருகிறான். அந்தக் கதையைச் சொல்லாமல் அவனுக்கு ரசம் இறங்காது. சூப்பர் மார்க்கெட்டில் நான் இரண்டு ஷாம்புவை மாற்றி மாற்றி எடுத்தால், "டாட் இஸ் சேஞ்சிங் சோக்" என்று மதி கடைக்கே கேட்கும்படி சொல்கிறாள். இதன் தலைப்பை நான் எத்தனை தடவை மாற்றினேன் என்பதைச் செல்வியிடம் கேட்காதீர்கள்.

இன்றைக்கும் அடுப்படியிலிருந்து "ஏங்க!" என்று குரல் வந்தால், ஹாலில் உட்கார்ந்திருக்கும் நானும் மதியும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்க்கிறோம்.