வீட்டில் தேடினால் கடையில் தெரிகிறது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே நீங்களும் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதைக் கணினியில் அடித்தால் யார் திரையில் போய் நிற்குமோ என்று பயந்து பேனாவால் எழுதுகிறேன்.

போன முறை வந்தபோது வீட்டுக் கணினி, கடைக் கணினி, உங்கள் மடிக்கணினி மூன்றையும் உங்கள் கணக்கிலேயே இணைத்துவிட்டு, "எங்க தேடினாலும் எல்லாத்துலயும் வரும் மாமா, இனி கவலையே இல்ல" என்றீர்கள். கவலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அந்தரங்க உபத்திரவத்துக்கு வைத்தியம் தேடினேன், மறுநாள் நம் கண்ணாடிக் கடையில் ஒரு ஆசிரியைக்கு பிரேம் காட்டலாமென்று திரையை அவர் பக்கம் திருப்பி மூக்குக் கண்ணாடிக்கு 'மூ' என்று தட்டினேன், 'மூலம் உள்ளவர் உட்காரும் முறை' என்று வந்து நின்றது, பதறிப்போய் எதையோ அமுக்கினேன், அது படத்தோடு திறந்துகொண்டது. அந்தம்மா நல்லவர். "எனக்கும் இருக்கு சார், தண்ணி நெறய குடிங்க" என்றார். கண்ணாடி வாங்கவில்லை. வியாபாரம் ஏற்கனவே படுத்துக் கிடக்கிறது.

அதோடு விட்டதா? நான் கடையில் தேடியதெல்லாம் வீட்டில் உங்கள் மாமியார் கண்ணில் பட்டுத் தொலைத்தது. 'நாற்பது வயதுக்கு மேல் புது வேலை கிடைக்குமா', 'நேர்முகத் தேர்வில் கை நடுங்காமல் இருக்க', 'வேலை போனவர்கள் பகலில் எங்கே போய் உட்காருவது'. "ஏங்க, கடையை மூடப் போறீங்களா? அது சரி, உங்களுக்கு நாப்பதா?" என்று கேட்டாள். நான்தான் தேடினேன், சும்மா ஒரு ஆசை என்றேன். அறுபத்தாறு வயதில் என்ன ஆசை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கே கேட்டது. அன்றிலிருந்து உங்கள் மாமியார் வேலையில்லாதவனைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்க்கிறாள், டீ கேட்காமலே வருகிறது, அதுதான் இன்னும் வேதனையாக இருக்கிறது. மனசே விட்டுப்போச்சு மாப்பிள்ளை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மகளுக்குப் படித்துக் காட்டலாம், இந்தத் துண்டை மட்டும் கிழித்துவிடுங்கள். மூலம் மட்டும்தான் என்னுடையது. மற்றதையெல்லாம் தேடியது யாரென்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நேற்றும் ஒன்று வந்திருந்தது: 'வேலை போனதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது'. சொல்லியாயிற்று, மாப்பிள்ளை. மகள் சிரித்த சிரிப்பிலேயே அவளுக்கு இன்னும் தெரியாது என்று புரிந்துகொண்டேன். அவளிடம் நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மாமியாரை நான் சமாளித்துக்கொள்கிறேன். கணினிகளைப் பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பகலில் எங்கே உட்காருவது என்று கேட்டிருந்தீர்கள். கடையில் என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.