ஜீப்புக்குப் போட்ட நிச்சயதார்த்த மாலை

என் மச்சினன் கார்த்திக்கின் நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், "நல்ல பக்தியான குடும்பம் போல" என்று சொல்வது வழக்கம். பட்டு வேட்டியில் நிற்கும் அவன் கழுத்தில் எருக்கம்பூ மாலை. பக்கத்தில் பட்டுப்புடவையில் நிற்கும் பெண்ணின் கழுத்தில் அருகம்புல் மாலை. இரண்டும் அன்று காலை தெருமுனைப் பிள்ளையாருக்குச் சாற்றியவை. பக்திக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதற்குக் காரணம் நான். எனக்குக் காரணம் ஒரு ஜீப்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, டிவியில் ஒரே ஒரு சேனல் இருந்த காலத்தில், வாரம் ஒருமுறை ஒரு துப்பறியும் தொடர் வந்தது. தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் கரும்பச்சை ஜீப்பில் வந்து கடத்தல்காரர்களைப் பிடிப்பார். விருதுநகரில் எங்கள் தெருவிலிருந்த ஒரே டிவிக்கு முன்னால் நாற்பது பேர் உட்கார்ந்து பார்ப்போம். தொடர் முடிந்ததும் மற்ற முப்பத்தொன்பது பேரும் எழுந்து வீட்டுக்குப் போய், படித்து, வளர்ந்து, வேறு விஷயங்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலைக்காகக் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகுதான், அந்தத் தொடரை முழுக்க முழுக்க இந்தக் கடற்கரையிலேயே எடுத்தார்கள் என்று தெரிந்தது. கதைப்படி இன்ஸ்பெக்டர் பம்பாய்க்குப் போவார், கொழும்புக்குப் போவார், ஒருமுறை காஷ்மீருக்கே போவார். எந்த ஊருக்குப் போனாலும் பின்னால் சவுக்குத் தோப்பு தெரியும். இதைக் கண்டுபிடித்த பதினேழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய காட்சிகளை போனில் வைத்துக்கொண்டு இடம் தேடி அலைவோம். வில்லன் மோட்டார் படகில் தப்பிய இடம் முட்டுக்காடு. கொழும்புத் துறைமுகம் என்று காட்டியது மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு மணல்மேடு. இப்போது அங்கே ஒரு அம்மா வறுத்த மீன் விற்கிறார். "இதுதான் கொழும்பு, தெரியுமா?" என்று அவரிடம் விளக்கினேன். மீன் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

குழுவில் நாங்கள் இரண்டு வாரம் சண்டை போட்ட விஷயம் ஒன்று உண்டு. ஜீப் ஓடும் காட்சிகளில் கியர் போடும் இடது கையை நெருக்கமாகக் காட்டுவார்கள். அந்தக் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். மற்ற காட்சிகளில் இன்ஸ்பெக்டரின் நகம் முழுசாக இருக்கும். ஒரு தரப்பு மேக்கப் என்றது. நான் கதையில் ஏதோ குறிப்பு இருக்கிறது என்று வாதாடினேன். (சம்பளம் வாங்கும் ஆட்கள்தான் எல்லோரும்.)

இனி நிச்சயதார்த்த நாளுக்கு வருகிறேன். பெண் வீடு செங்கல்பட்டு. என் மனைவி சுதாவும், மாமியாரும், மற்ற உறவினர்களும் காலையிலேயே வேனில் கிளம்பிவிட்டார்கள். என் பொறுப்பு ஒன்றே ஒன்று. கேளம்பாக்கத்துப் பூக்கடையில் சொல்லிவைத்திருந்த ஒரு ஜோடி மாலையை வாங்கிக்கொண்டு மூன்றரைக்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். பன்னீர் ரோஜா கட்டி, ஜிகினா சுற்றி, அடியில் தங்கக் காகிதத்தில் ஓர் இதயம் தொங்கவிட்ட மாலைகள். இதயம் மாமியாரின் யோசனை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒப்படைத்த முதல் வேலை அது. முந்தின நாள் ராத்திரி சுதா என்னைத் தனியாக அழைத்து, "அம்மா உங்களை நம்பி ஒரு பொருளைக் குடுக்கிறாங்க. இதுல சொதப்பினீங்கன்னா அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்கு மாலைகளை வாங்கிப் பின்சீட்டில் வைத்தேன். பத்தேகாலுக்குக் குழுவில் ஒரு போட்டோ வந்தது. செய்யூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வேப்பமரத்தடியில், ஜீப். எங்கள் ஜீப். நம்பர் பிளேட்கூட அதேதான். போட்டோ எடுத்தவர் போன வாரம் அந்த வழியாகப் போனவராம். வண்டியை எப்போது வேண்டுமானாலும் இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று அடியில் எழுதியிருந்தார்.

கேளம்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு முக்கால் மணி நேரப் பயணம். செய்யூர் வழியாகப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. ஆனால் கையில் ஐந்து மணி நேரம் இருந்தது. சுதா போன் செய்து மாலை வாங்கியாயிற்றா என்று கேட்டாள். வாங்கிவிட்டேன் என்றேன். நேராக வரச் சொன்னாள். நேராகத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கடற்கரைச் சாலைக்குத் திருப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு அந்தக் கிராமத்தில் இருந்தேன். வேப்பமரத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். (பறை அடிக்கிறார்கள். அதைக் காய்ச்ச ஓரத்தில் தீ மூட்டியிருக்கிறார்கள். தோளில் துண்டோடு ஆண்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன, எனக்குத் தந்தியா அடிப்பார்கள்? என் கண்ணில் பட்டது ஜீப் மட்டும்தான்.)

காரை நிறுத்தி இறங்கி நேராக ஜீப்பிடம் போனேன். சுற்றிவந்தேன். தடவிப் பார்த்தேன். பதினோரு போட்டோ எடுத்தேன். ஏழாவது வாரம் கடத்தல்காரன் சுட்ட குண்டு அடிப்பக்கத்தில் பட்டது ஞாபகம் வர, தரையில் மல்லாந்து படுத்துத் தேடினேன். ஓட்டை இருந்தது. (துரு.) வாயெல்லாம் பல்லாக வெளியே வந்து எழுந்தேன். எதிரே என் வயது ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"யாரு சார் நீங்க? இன்னா வோணும்?"

"இது அந்த டிவி தொடர்ல வந்த ஜீப்தானே?" என்று கேட்டேன், இன்னும் சிரித்தபடி.

அவர் முகம் கோணியது. "நைனாவ பார்க்க வந்தீங்களா?" என்றார்.

அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அதற்குள் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம்.

அவர் பெயர் ஏழுமலை. ஜீப்பின் சொந்தக்காரர். தொடருக்கு ஜீப்பை வாடகைக்கு விட்டதும் அவர்தான், ஓட்டியதும் அவர்தான். என் முன்னால் நின்றவர் அவருடைய மகன் டில்லிபாபு. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஷூட்டிங்காருங்க ஒருத்தராச்சும் என்னைத் தேடி வருவாங்கன்னு சொல்லிகினே இருந்தாரு சார். நாங்க கலாய்ச்சிகினு இருந்தோம். வந்துட்டீங்களே சார்."

நேர்மையான மனிதன் அந்த இடத்தில் சொல்ல வேண்டியவை இரண்டே வாக்கியங்கள். நான் ஷூட்டிங் ஆள் இல்லை. நான் ஜீப்பைப் பார்க்க வந்தேன். இரண்டையும் மனதுக்குள் பிழையில்லாமல் தயார் செய்துவைத்திருந்தேன். வாய் திறக்கவில்லை. தலை மட்டும் ஆடியது.

அந்த நேரம் பார்த்து நாற்காலியிலிருந்த ஒருவர் என் கார் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டார். "அண்ணாத்த மாலை எடுத்தாந்துகீறாரு, மேளத்த கூப்புடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தில் சாவுக்கு மாலையோடு வருகிறவர்களைச் சும்மா உள்ளே விடமாட்டார்கள். பறைக்காரர்கள் எதிர்கொண்டு வந்து, முன்னால் அடித்துக்கொண்டு, மரியாதையோடு அழைத்துப் போவார்கள். நான் கார்க் கதவைத் திறந்ததா, அவர்கள் திறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கையில் இரண்டு மாலைகள் இருந்தன. எனக்கு முன்னால் ஐந்து பறைகள் முழங்கின. தங்க இதயங்கள் ஆட ஆட நடந்தேன். மாமியாரின் முகம் ஒருமுறை கண்முன் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு நடந்தேன்.

முதல் மாலையைப் பெட்டியின் மேல் வைக்கக் குனிந்தேன். இறந்தவர்களுக்குக் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள் அல்லவா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணியில் கட்டியிருந்த விரல்களைப் பார்த்தேன். இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது.

"அந்த ஹீரோவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது சார்" என்று டில்லிபாபு பக்கத்தில் மெதுவாகச் சொன்னார். "நைனா தலையில தொப்பிய மாட்டிவுட்டு ஓட்டச் சொல்வாங்களாம். முதுகுதான் தெரியும்."

பத்து வயதில் நான் எந்த ஆளாக வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அந்த ஆள் இவர். போன ஞாயிற்றுக்கிழமை நான் இங்கிருந்து அரை மணி நேர தூரத்தில் ஒரு மதகைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்லையும் தகரத்தையும் தேடி அலைந்த பதினேழு பேரில் ஒருவருக்குக்கூட மனிதனைத் தேடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. முதல் மாலையை வைத்துவிட்டு, இரண்டாவது முழங்கையில் தொங்க, கைகூப்பி நிஜமாகவே அழுதேன். யாரோ ஒருவர் அதை போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அழுதாலும் புத்தி வேலை செய்தது. ஒரு மாலையாவது மிஞ்சட்டும் என்று இரண்டாவதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "அது ஜீப்புக்குத்தானே சார்?" என்றார் டில்லிபாபு. "குடுங்க சார், போட்டுடலாம். நைனாவுக்கு அதுவும் ஒரு புள்ளைதான்." போட்டோம். ஜீப்பின் முகப்பில் இரண்டு விளக்குக்கும் நடுவில் தங்க இதயம் மின்னியது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது.

ஊர்வலத்தில் ஜீப் முன்னால் போனது. டில்லிபாபு கொள்ளிச் சட்டியோடு நடக்க, உறவுக்காரர் ஒருவர் ஜீப்பை ஓட்டினார். பக்கத்து சீட்டில் என்னை உட்காரவைத்துப் பூக்கூடை ஒன்றை மடியில் வைத்தார்கள். அந்த ஜீப்பில் ஒருநாள் உட்கார வேண்டும் என்பது என் முப்பத்தைந்து வருடக் கனவு. சுடுகாடு வரைக்கும் உட்கார்ந்து உதிரிப்பூ இறைத்தேன். நடுவில் சுதா போன் செய்து, என்ன சத்தம் என்று கேட்டாள். கோயில் திருவிழா, ரோட்டை மறித்துவிட்டார்கள் என்றேன்.

கிளம்பும்போது மணி இரண்டேகால். துக்க வீட்டிலிருந்து நேராக நிச்சயதார்த்தத்துக்குப் போகும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. வழியில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் பம்புசெட் ஓடியது. போட்ட துணியோடு நின்று குளித்தேன். மதுராந்தகத்தில் வேறு மாலை வாங்கிவிடலாம் என்பது திட்டம். அன்று பெரிய முகூர்த்தம். கேட்ட இரண்டு கடைகளிலும் வாழைநார்தான் மிச்சம் இருந்தது.

நாலு பத்துக்குப் பெண் வீட்டு வாசலில் இறங்கினேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு குடும்பமும் வாசலுக்கு வந்துவிட்டது. சுதா என் கைகளைப் பார்த்தாள். பிறகு பின்சீட்டைப் பார்த்தாள்.

"மாலை எங்கேங்க?"

"மாடு தின்னுடுச்சு" என்றேன். "விரட்டப் போனேன். குட்டையில விழுந்துட்டேன்."

எனக்கு வருத்தமான விஷயம், அத்தனை பேரில் ஒருவரும் இதைச் சந்தேகப்படவில்லை. "ரெண்டு மாலையையுமா?" என்று மாமியார் மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். குருக்களிடம் பேசி, பிள்ளையார் கழுத்திலிருந்த இரண்டையும் வாங்கிவந்தார். ராகுகாலத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மோதிரம் மாற்றினார்கள். மாமியார் அன்று முழுக்க என்னைப் பார்த்துப் பேசவில்லை. சுதாவும்தான்.

மூன்று வாரம் கழித்து, கல்யாணப் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கிளம்பினோம். பெண் வீட்டாருக்குக் குலதெய்வக் கோயில் செய்யூர்ப் பக்கம். ஜீப் நின்ற அந்தக் கிராமத்துக்குத் திரும்பும் முனையில் ஒரு வேகத்தடை. டிரைவர் மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினார்.

வேகத்தடைக்கு எதிரே பத்தடி உயரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. மேலே தொப்பி போட்ட ஏழுமலை. கீழே உறவினர்கள் தபால்தலை அளவில். நடுவில், எல்லோரையும்விடப் பெரியதாக, நான். கைகூப்பி அழுதுகொண்டிருந்தேன். "சின்னத்திரை உலகின் சார்பில்" என்று எனக்கு அடியில் போட்டிருந்தார்கள். என் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் பன்னீர் ரோஜா மாலை. அச்சடித்தவர் நல்ல வேலைக்காரர். தங்க இதயம் துல்லியமாகத் தெரிந்தது.

பெண்ணின் அப்பா மரியாதை தெரிந்தவர். "மாப்ள, அது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார். வேனை ஓரம் கட்டச் சொன்னார்கள். அங்கேயே, அந்த பேனருக்கு எதிரிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். நகம் வரைக்கும் சொன்னேன். கார்த்திக் சிரிப்பை அடக்க முடியாமல் வேனுக்குப் பின்னால் போய்விட்டான். மாமியார் சிரிக்கவில்லை. பேனரை நெடுநேரம் பார்த்தார். "மாலை அவருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார். பிறகு வேனில் ஏறிக்கொண்டார்.

நாலு வருடம் ஆகிறது. மாமியார் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்றால் தகவல் சுதாவுக்குத்தான் போகும். நான் சாப்பிடுகிற நேரத்துக்கு வந்தால் போதும், கையை வீசிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். யாராவது தவறிப்போனால் மட்டும் மாமியாரிடமிருந்து நேராக எனக்கே போன் வரும். "மாப்ள, நீங்க முன்னால போயிடுங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும்." போன வாரம்கூட வந்தது. போனேன். மாலை பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.