இரண்டு நிமிடம் பாக்கி இருந்தபோது அடித்த மணி

என் மனைவியின் ஒரே தம்பியை, அவன் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நம்பிச் சொன்ன விஷயங்களை வைத்தே, ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் கேலிப்பொருளாக்கினேன். கைதட்டலுக்காகச் செய்தேன். கைதட்டலும் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் சுற்றி வளைத்து எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன். அந்தத் திறமை எனக்கு உண்டு என்பதுதான் பிரச்சினையே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருந்தோம். மருந்துக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. வாரம் முழுக்க மாத்திரை தண்ணீரில் ஒழுங்காகக் கரைகிறதா என்று பார்ப்பேன். வார இறுதியில் தமிழுக்குத் தொண்டு செய்வதாக நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் ஆண்டுக்கொரு முறை ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தை எடுத்து விழா நடத்துவார்கள். குழந்தைகளின் நடனம் முடிந்து சாம்பார் சூடாகும் வரை கூட்டம் கலையாமல் இருக்க ஒரு பட்டிமன்றம் உண்டு. அதற்கு நிரந்தர நடுவர் நான். (யாரும் நியமிக்கவில்லை. முதல் வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்கவில்லை.) பட்டு ஜிப்பா, கழுத்தில் துண்டு, பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமும் செருமலுக்கே தனி ஒத்திகை. நேரம் தாண்டும் பேச்சாளர்களை நிறுத்துவதற்கு என் மனைவி வடிவின் பூஜை மணியை எடுத்துப் போவேன்.

வடிவின் தம்பி சங்கரன் எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். எந்த மாகாணம் என்று சொல்லவில்லை, உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த வருடம் அவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தல். சங்கரன் அதில் வேட்பாளராக நிற்கிறான் என்று அவன் மனைவி போனில் சொன்னபோது நாங்கள் முதலில் நம்பவில்லை. கடையில் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறவன் அவன்.

அவன் நின்ற கட்சிதான் அப்போது அந்த மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்தது. மாகாண முதல்வர் மேல் ஊரே கொதித்துப்போயிருந்தது. வரி ஏறியிருந்தது, ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டிய நேரம் ஏறியிருந்தது, ஆசிரியர்கள் சம்பளத்தில் கை வைத்திருந்தார்கள். சங்கரன் சம்பளத்திலும்தான். நடப்பது நாடாளுமன்றத் தேர்தல், முதல்வர் இதில் நிற்கவே இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? முதல்வர் எட்டாத உயரத்தில் இருந்தார். சங்கரன் துண்டுப் பிரசுரத்தோடு வாசலில் நின்றான்.

அக்டோபரில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே திங்கட்கிழமை விடுமுறை. அங்கே அது விருந்து நாள், யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. மூச்சு விடலாம் என்று சங்கரன் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை இராச்சாப்பாட்டின்போது தன் பிரசார அனுபவங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரு வீட்டு அம்மாள் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், கட்சியின் பெயரைக் கேட்டதும் ரப்பர் குழாயை அப்படியே இவன் பக்கம் திருப்பிவிட்டாராம். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் உட்காரவைத்து, குக்கீஸ் கொடுத்து, முதல்வரை முக்கால் மணி நேரம் திட்டிவிட்டு, “நீ நல்ல பையன், ஆனா உனக்கு ஓட்டு கிடையாது” என்று அனுப்பினாராம். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். அவனும் சிரித்தான். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

“தோக்கத்தான் போறேன் அத்தான். அது தெரிஞ்சுதான் நின்னேன். எங்க ஏரியாவுல நம்ம தமிழ் ஆளுங்க கொஞ்சப் பேரு இருக்காங்க. வீட்டுக்குள்ள கூப்பிட்டு காபி கொடுத்து, உங்களுக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. அந்த ஓட்டாவது விழுந்துட்டா போதும். தலை நிமிந்து ஸ்கூலுக்குப் போயிருவேன்.”

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

மறுநாள் விழா. பட்டிமன்றத் தலைப்பை நான் ஏற்கெனவே வைத்திருந்தேன்: தலைவன் செய்த தவறுக்குத் தொண்டனைத் தண்டிப்பது நியாயமா, இல்லையா? நியாயமில்லை என்று பேசவேண்டிய டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு வந்து காலையில் கழன்றுகொண்டார். என் பார்வை சங்கரன் மேல் விழுந்தது.

“எனக்கு மேடையெல்லாம் வராது அத்தான். கிளாஸ்லயே போர்டைப் பாத்துத்தான் பேசுவேன்.”

வடிவும் தடுத்தாள். “அவன விட்ருங்க. ரெஸ்ட் எடுக்க வந்திருக்கான்.”

நான் விடவில்லை. விழாவை வீடியோ எடுப்பார்கள், கேசட் உங்கள் ஊருக்கும் போகும், உன் ஏரியாத் தமிழர்கள் பார்ப்பார்கள், இதைவிட நல்ல பிரசாரம் எது என்று கேட்டேன். “நான் இருக்கேன்லா மாப்ள, பாத்துக்கிடுதேன்” என்றேன். அவன் நம்பினான். என் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். அது அவனுக்கு இரண்டு சைஸ் பெரிது.

உணவுக்கூடம் நிறைந்திருந்தது. சங்கரனுக்கு முன்னால் பேசியவர் தலைவனையும் தொண்டனையும் சேர்த்துக் கட்டி உதைத்துக் கூட்டத்தைக் கலகலப்பாக்கிவிட்டுப் போயிருந்தார். சங்கரன் எழுந்தான். மைக்கைப் பிடித்தபடி, மாகாண அரசாங்கம் எது செய்யும், மத்திய அரசாங்கம் எது செய்யும் என்று விளக்க ஆரம்பித்தான். நியாயமான பேச்சு. ஆனால் பின்வரிசையில் பேப்பர் தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. சாம்பார் மணம் வர ஆரம்பித்திருந்தது. ஒரு குழந்தை அழுதது. என் பட்டிமன்றம் படுத்துவிடுமோ என்று பயந்தேன். (என் பட்டிமன்றம்! தேர்தலில் நின்றவன் அவன், மானம் போனது போலத் துடித்தவன் நான்.)

குறுக்கிட்டேன். “நடுவர் ஒரு தகவல் சொல்லலாமா?” என்று அனுமதி கேட்பதுபோல் கேட்டுவிட்டு, ரப்பர் குழாய்க் கதையை எடுத்துவிட்டேன். எழுந்து நின்று, வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, நனைந்த வேட்பாளர் எப்படி ஓடுவார் என்று நடித்தும் காட்டினேன். கூடம் அதிர்ந்தது. தட்டு எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அந்த ருசி நாக்கில் பட்டபின் நான் நிற்பேனா? குக்கீஸ் பெரியவரையும் கொண்டுவந்தேன். இந்த முறை சங்கரன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, “எல்லாரும் கேக்கறீங்க, இப்படித் திட்டு வாங்கிட்டு ஏன் நிக்கறேன்னு. நான் ஏன் நின்னேன்னா…” என்று தொடங்கினான்.

நான் மணியை அடித்தேன்.

அவனுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. என் முன்னால் இருந்த கடிகாரத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. சிரிப்பின் சூடு ஆறுவதற்குள் தீர்ப்புக்குப் போய்விட வேண்டும் என்பது நடுவர்களின் தொழில் ரகசியம். தீர்ப்பு சொன்னேன். “தண்டிப்பது நியாயமே. ஏனென்றால் தலைவர் வீட்டுக்குப் போனால் போலீஸ் நிற்கும். மச்சினன் நம் வீட்டு சோபாவிலேயே படுத்திருக்கிறான்.” அதைவிடப் பெரிய கைதட்டல் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

திரும்பும்போது காரில் “பட்டிமன்றம்தானே” என்றேன். விடிந்து பார்த்தபோது சோபாவில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் என் சட்டை, அதுவும் மடித்து. வடிவு வழிக்குக் கட்டிக்கொடுத்த இட்லியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

இத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விழாவுக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை கனடாவுக்குத் திரும்பிய நண்பர்களிடம் நானே ஓடி ஓடிப் போய் கேசட் கொடுத்தேன். கடைக்காரரிடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையே பிரதி போட்டு வாங்கியது. தீர்ப்பைத் தவறவிடாதீர்கள் என்று வேறு சொன்னேன். தேர்தலுக்கு முன்பே அது சங்கரனின் ஏரியா முழுவதும் கைமாறிவிட்டது. ஏற்கெனவே காபி கொடுத்த வீடுகளுக்கு அவன் மறுபடி போனபோது, கதவைத் திறந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததுமே சிரித்தார்களாம். ஒரு வீட்டில் குழந்தை உள்ளே திரும்பி, “அம்மா, தண்ணி அங்கிள் வந்திருக்காங்க” என்று கூப்பிட்டதாம். அதற்கடுத்த வீட்டுக்கு அவன் போகவில்லை. பிரசுரக் கட்டைக் கார் டிக்கியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அவன் மனைவி வடிவிடம் சொன்னாள்.

தேர்தலில் அவன் தோற்றான். அவன் கட்சிக்காரர்கள் அந்த மாகாணத்தில் எல்லாருமே தோற்றார்கள். நான் இதை வெகு நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கேசட் போகாத ஊரிலும்தானே தோற்றார்கள் என்று வடிவிடம் புள்ளிவிவரம் பேசினேன். அவள் பூஜை மணியைச் சமையலறை அலமாரியில், உடைந்த டார்ச் லைட் பக்கத்தில் வைத்துவிட்டாள். சாமிக்குப் புது மணி வந்தது.

சங்கரன் சண்டை போடவில்லை. எங்கள் மகள் கோமதியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை தவறாமல் வரும். நான் ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து அக்காவுக்குப் போன் வரும். வருவது மட்டும் நின்றுபோனது.

பரிகாரம் செய்யப் பார்த்தேன். ஒருமுறை போனில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, பழக்கதோஷத்தில் அதையும் நகைச்சுவையாக்கிவிட்டேன். அவன் “சரிங்கத்தான்” என்று சொல்லி அக்காவிடம் கொடுக்கச் சொன்னான். பிறகு, செய்த இடத்திலேயே தீர்த்துவிடலாம் என்று இன்னொரு வருட விழாவில் மேடையேறி, இன்னதைச் செய்தேன், அது தவறு, வெட்கப்படுகிறேன் என்று எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னேன். கூட்டம் முதல் வாக்கியத்திலிருந்தே சிரித்தது. நான் குரல் உடைந்து நின்றபோது கைதட்டினார்கள். “இந்த வருஷம் சூப்பர் ஐட்டம் அங்கிள்” என்று ஒரு பையன் கை கொடுத்தான். அன்றோடு நடுவர் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கத்தில் மாமன் மாலை போட்டு, தாய்மாமன் கைபிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறைக்கு வருவாள். கோமதிக்கு இருப்பது ஒரே தாய்மாமன். “சங்கர் மாமா வரலைன்னா எனக்கு இந்த ஃபங்ஷனே வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்ப முடியாது. தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். போனோம். வழியெல்லாம் நான் மன்னிப்பை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வடிவு ஜன்னல் பக்கம் திரும்பியபடி, “ஒத்திகை பாக்காதீங்க” என்றாள்.

வாசலிலேயே வரவேற்றான். தலை நரைத்திருந்தது. வடிவு தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. அவற்றின் நடுவில் அந்தப் பழைய மணி. அவள் வைத்தது எனக்குத் தெரியாது. ஒத்திகை பார்த்ததில் “தப்பு பண்ணிட்டேன் சங்கரா” என்பது மட்டும் வந்தது.

அவன் தட்டிலிருந்து மணியை எடுத்துக்கொண்டான். “தோத்ததுக்கு நீங்க காரணம் இல்ல அத்தான். உங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு சொன்னத மேடைல சொல்லிட்டீங்க. அதுதான். அப்புறம், எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. கடிகாரம் எனக்கும் தெரிஞ்சுது.”

கல்யாணத்துக்கு வந்தான். மாலை போட்டான். கோமதியின் கையைப் பிடித்து அழைத்து வந்தான். கோயில் மண்டபத்தில் அன்று மாலை வரவேற்பு நடந்தபோது மைக்கை வாங்கினான். அந்தப் பழைய கூட்டத்தில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். சிலர் இப்போதே சிரிக்கத் தயாரானார்கள்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாக்கியம் பாதியில நின்னுபோச்சு,” என்றான். “நான் ஏன் நின்னேன்னா, வேற யாரும் நிக்க வரல. ரெண்டு பேரு வந்துட்டு, ஜனங்க கோபத்தைப் பாத்துப் பயந்து போயிட்டாங்க. எனக்கும் அதே கோபம்தான். ஆனா அவங்க திட்டறத கேக்கறதுக்காவது ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கணும்ல. அதான் நின்னேன். அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிடலாம்.” பையிலிருந்து மணியை எடுத்து, தானே ஒருமுறை அடித்துவிட்டு இறங்கினான்.

யாரும் சிரிக்கவில்லை. சொல்வதற்கு அவனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அதைச் சொல்ல விட்டிருந்தால் அந்தக் கேசட்டைப் பார்த்தவர்கள் கதவை வேறு மாதிரி திறந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அவன் அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாகச் செய்திருப்பான் என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டுக்கும் என்னிடம் பரிகாரம் இல்லை.

மணி அவனிடமே இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறான். நான் கொஞ்சம் இழுத்துப் பேசினால் பேரப்பிள்ளைகள் எடுத்து அடிக்கிறார்கள், “நடுவர் தாத்தா, டைம் அப்” என்கிறார்கள். கோமதியின் கணவருக்கும் அடிப்பார்கள், வடிவுக்கும் அடிப்பார்கள். சங்கரனுக்கு மட்டும் அடிக்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வீட்டு ஹீட்டருக்கு ஃபில்டர் எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவான். குழந்தைகள் ஏக்கத்தோடு மணியைப் பார்ப்பார்கள். நான் கூடாது என்று தலையாட்டிவிடுவேன். அவன் முடிக்கிற வரைக்கும் கேட்போம்.