லாபுயான் சிறுபடை நடுக்கோடு கடந்த படலம்

பன்னிரு தூண் தாங்கும் தகரக் கூரையே, துருவேறிய இரட்டை வளையங்களே, நீங்களே சாட்சி! கழுத்தில் வியர்வைத் துண்டும் வாயில் விசிலுமாய் எழுந்தருளியவனை, ஒன்பது பேர் அமரும் பலகையில் பதினொருவரை அமர்த்திவிட்டு "இன்னும் ஒருத்தருக்கு இடமிருக்கு, தள்ளி உக்காருங்க" என்று அருளும் வள்ளலை, லாபுயான் ஊரின் ஜீப்னி என்னும் பயணியர் வண்டியின் சாரதியும் ஒன்பது வயதுக்குட்பட்ட கூடைப்பந்துப் படையின் தானைத் தலைவனுமாகிய ரொம்மெல் தகும்பாயை வாழ்த்தி, இப்போர்க்கதை தொடங்குகிறது.

படை சிறிது, புகழ் அதனினும் சிறிது. முந்தைய இரு போர்களிலும் சேர்த்து அவர்கள் எடுத்த புள்ளி பூஜ்யம். காரணம், பகைவர் கற்றிருந்த கொடுந்தந்திரம். பந்து தம் எல்லைக்கு வரட்டும் என்று காத்திராமல், களத்தின் மறுகோடிக்கே படையெடுத்து வந்து, பந்து உள்ளே எறியப்படும் கணத்திலேயே ஆளுக்கொருவராய் மறித்து மூச்சுத் திணற அடித்தார்கள். எட்டு வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டாவிட்டால் பறிபோகும் என்பது விதி. லாபுயான் சிறார் அக்கோட்டைத் தாண்டியதெல்லாம் இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான்.

அவர்களில் பந்தேந்தும் மாவீரன் கிம்போய். பந்து கைக்கு வந்ததும் தலைகவிழ்ந்து தட்டித் தட்டி மூலைக்கு ஓடுவான். அங்கே இருவர் மறிக்க, பந்தை மார்போடு அணைத்து விம்முவான்.

"டேய், அது பந்துடா, உன் தங்கச்சி இல்ல! விட்டுத் தொலை!" என்று அவனைப் பெற்றவளே முழங்குவாள்.

இந்நிலையில்தான் ஊர்த்தலைவி நெனித்தாவின் ஆணை பிறந்தது. அவளே ஜும்பா நடனப் பெண்டிர் நாற்பதின்மருக்கும் தலைவி.

"இங்க பாரு கோச். சனிக்கிழமை மலியாவ் பசங்களோட ஆட்டம். ஒரு கூடை, ஒண்ணே ஒண்ணு விழட்டும். விழலன்னா திங்கள்லேர்ந்து சாயங்கால கோர்ட்டு எங்களுக்கு."

"தலைவி, பிள்ளைங்க எங்க போய் விளையாடும்?"

"என் முட்டிவலி எங்க போய் ஆடும்?"

ரொம்மெல் தரையில் சுண்ணக்கட்டியால் வியூகம் வரைந்தான். வட்டமிட்டான், அம்பிட்டான். சிறார் அந்த அம்புகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்தனர். மனமுடைந்த தலைவன் தன் வண்டியில் சாய்ந்தபோது, இருளைக் கிழித்த மின்னல்போல் அறிவு உதித்தது. அனைவரையும் உள்ளே ஏற்றி, எதிரெதிர்ப் பலகைகளில் உட்காரவைத்தான்.

"கடைசில உக்காந்திருக்கிறவரு டிக்கெட் காசு குடுக்கணும். எழுந்து என்கிட்ட ஓடி வருவாரா?"

"மாட்டாரு கோச். பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட நீட்டுவாரு. 'கொஞ்சம் குடுத்துடுங்க'ம்பாரு."

"கையில வச்சுக்கிட்டு அழுவாரா?"

எல்லாரும் கிம்போயைப் பார்த்தனர். கிம்போய் வண்டியின் கூரையைப் பார்த்தான்.

"அவ்வளவுதான் வித்தை. தலைய நிமிர்த்து. எந்தக் கை நீளுதோ அதுல குடு. நடுவுல ஒருத்தர் எப்பவும் இருக்கணும். மூலைக்கு ஓடாத, மூலைல டிரைவர் இல்ல!"

நான்கு மாலைகள் "கொஞ்சம் குடுத்துடுங்க!" என்னும் போர்முழக்கம் தகரக் கூரையை அதிரவைத்தது. ரொம்மெல் கூடையடியில் சாரதியாய் நின்று பந்தை வாங்கினான். அடுத்த சுற்றுக்காக அதை அதே கைகளின் வழியே திருப்பி அனுப்பினான். அந்தோ, விதி அங்கேதான் ஒளிந்திருந்தது!

சனிக்கிழமை வந்தது. கரும்புக்காட்டில் புகுந்த ஐந்து மதயானைகளென மலியாவ் வீரர் பாய்ந்தனர்.

"டேய், பாத்துடா. இவன் அழுதிடுவான்," என்றான் ஒருவன்.

கிம்போய் நிமிர்ந்தான். நடுவில் நீண்டிருந்தது மிக்கா என்னும் எட்டு வயது வீராங்கனையின் கை. பந்து அங்கே பறந்தது. "அழல, பாத்துக்கோ!" என்றான் கிம்போய். மிக்காவிடமிருந்து இன்னொரு கைக்கு, அதிலிருந்து முன்னே ஓடிய மிக்காவுக்கே மீண்டும், ஆறே வினாடியில், உலகம் வியக்க, பந்து நடுக்கோட்டைக் கடந்தது! கூடையருகே அவள் ஒருத்திதான். பகைவர் ஐவரும் பின்னால் தவித்தனர். தாய்மார் எழுந்து நின்றனர்.

மிக்கா அமைதியாகத் திரும்பினாள். வந்த வழியே பந்தை அனுப்பிவைத்தாள். அது கை மாறிக் கை மாறிக் கிம்போயிடம் பத்திரமாகத் திரும்பியது. கோட்டைத் தாண்டிய பந்து திரும்பலாகாதென்று நடுவர் ஊதினார். பந்து மலியாவுக்கு!

"யாரும்மா திருப்பிக் குடுக்கச் சொன்னது?"

"நீங்கதானே கோச் தினமும் திருப்பிக் குடுப்பீங்க? மிச்சச் சில்லறைதானே அது?"

தலைவன் தலையில் கைவைத்தான். ஜும்பாப் பெண்டிர் ஒலிபெருக்கிக்கு மின்கம்பி செருகத் தொடங்கினர். கிடைத்த பந்தையும் மலியாவ் கூடையாக்க, எஞ்சியது ஒரு நிமிடம். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்ட ரொம்மெல், ஐந்து சிறு தலைகளை அருகிழுத்து, திசையெட்டும் கேட்கப் பிரகடனம் செய்தான்:

"தப்பு என்னோடது! இன்னிக்கு எல்லாரும் சரியான சில்லறை குடுத்துட்டாங்க. மிச்சமே கிடையாது. முன்னாடி ஆள் இல்லையா, வளையத்துக்குள்ள போடு!"

மீண்டும் மலியாவ் மறித்தது. மீண்டும் கிம்போய் நிமிர்ந்தான். ஆழிப்பேரலை பாறைகளிடையே வழி கண்டு நுழைவதுபோல் பந்து கைகளிடையே நுழைந்து, மிக்காவைச் சேர, அவள் அதை இரு கைகளாலும் முழங்கால்களுக்கிடையிலிருந்து, தண்ணீர் வாளியை வீசுவதுபோல் மேலே வீச, அது வளையத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, ஊர்த் தலைவியையும் ஒருகணம் மூச்சுவிட மறக்கவைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது!

ஒலிபெருக்கி தானாகவே பாடியதோ, யாரேனும் விசையை அழுத்தினரோ, அறியோம், நாற்பது பெண்டிரும் களத்தில் புகுந்து ஆடினர், "என் முட்டி, என் முட்டி!" என்று கூவியவாறே நெனித்தாவும் மிக்காவைத் தூக்கிச் சுழன்றாள், கிம்போய் அழுதான், ஆனால் இம்முறை பந்தை விட்டுவிட்டு, வானவர் மலர்மாரி பொழிந்தனரோ, கூரைத் துருதான் உதிர்ந்ததோ, தானைத் தலைவன் ரொம்மெலின் திருமுடி செந்நிறப் பொடியால் அபிஷேகம் கண்டது.

அன்றைக்கு 61-க்கு 2 என்று தோற்றார்கள், திங்கட்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல் பயிற்சி இருந்தது.