ஜோசிக்குச் சம்பளம் வெட்டக் கேட்ட கதை

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. வரிக் கந்தோருக்குப் போன் எடுத்து, ஜோசியின்ர சம்பளத்தில எவ்வளவு வெட்டவேணும் எண்டு கேக்கிறது.

ஜோசி எங்கட பேரனைப் பாக்க வாற பிள்ளை. பிலிப்பைன்ஸ்காரி. முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு, இரண்டு வயதுக்காரனுக்குப் பின்னால ஓட என்னால ஏலாது எண்டு மகள் நிர்மலா தேடிப் பிடிச்சவள். பகல்ல வீட்டில நிக்கிறது நான் எண்டபடியால், வேலை குடுக்கிறவர் எண்டு பதிஞ்சிருக்கிறதும் என்ர பேர்தான்.

எட்டாம் வகுப்போட படிப்பை விட்டவள் முதலாளி! ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மிசிசாகாவுக்கு வேலைக்கு வெளிக்கிடேக்க நிர்மலா சொல்லிப்போட்டுத்தான் போனவள்.

"அம்மா, பென்சனுக்கு ஒண்டு, வேலையில்லாக் காப்புறுதிக்கு ஒண்டு, வரிக்கு ஒண்டு. மூண்டு வெட்டு. வெள்ளிக்கிழமை முதல் சம்பளம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கதை அளக்காதேங்கோ!"

நான் எங்க கதை அளக்கிறனான்?

போன் எடுத்தன். கதைச்சது என்ர இங்கிலிசில. உங்களுக்காகத் தமிழில சொல்லுறன்.

"அந்தப் பிள்ளை உங்களுக்கு உறவோ?" எண்டு கேட்டா ஒபிசர்.

போன் ஸ்பீக்கரில. பக்கத்தில ஜோசி பேரனுக்குப் புட்டும் வாழைப்பழமும் தீத்திக்கொண்டு இருக்கிறா. அவவின்ர முகத்துக்கு நேர, "இல்லை, சம்பளத்துக்கு வாற ஆள்" எண்டு எப்பிடிச் சொல்லுறது? எங்கட ஆக்களுக்கு பஸ்ஸில பக்கத்தில இருக்கிற மனிசியே அக்கா!

"ஓம், எங்கட பிள்ளைதான்."

"மகளோ?"

"மகள்தான்." மாதாவிட்டை மனசுக்குள்ள ஒரு மன்னிப்பும் கேட்டன்.

"சம்பளம் குடுக்கிறீங்களோ?"

"சீச்சீ! பிள்ளைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? கைச்செலவுக்கு ஏதோ குடுக்கிறம்."

டக்கு டக்கெண்டு கீபோர்ட் சத்தம்.

"அப்ப வெட்டுறதுக்கு ஒண்டும் இல்லை, மேடம். இந்த முதலாளிக் கணக்கே உங்களுக்குத் தேவையில்லை. மூடிவிடட்டோ?"

"மூடுங்கோ பிள்ளை, மூடுங்கோ! கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்!"

பாத்தீங்களோ! எவ்வளவு வெட்டு எண்டு கேக்கப் போனவள், வெட்டையே இல்லாமல் பண்ணிப்போட்டன்.

"ஜோசி! நோ டக்ஸ்! ஃபுல் மணி!"

ஜோசியின்ர கரண்டி அந்தரத்தில நிண்டுது.

"மம்மி... நோ பே ஸ்லிப்?"

"நோ பே ஸ்லிப், நோ வெட்டு, நோ வொறி!"

அவ்வளவுதான். பொலபொலவெண்டு அழத் தொடங்கீட்டா. அவவைப் பாத்துப் பேரன் அழுதான். பேரனைப் பாத்து நானும் அழுதன், ஏன் எண்டு தெரியாமலே.

பிறகு அவ சொல்லத்தான் விளங்கிச்சுது. ஜோசியின்ர புருசனும் எட்டு வயது மகளும் இன்னும் அங்கதான். இவ இங்க நிரந்தரமா இருக்க விண்ணப்பிச்சால்தான் அவையளைக் கூப்பிடலாம். அதுக்கு, வேலை செய்ததைக் காட்ட, வெட்டுப் போட்ட பே ஸ்லிப் வேணும்.

"உங்கட மகள் எண்டால் நான் வேலை செய்யேல்லை, மம்மி. நான் வேலை செய்யேல்லை எண்டால் என்ர மகள் வரேலாது."

போனை எடுத்து என்ர கையில வைச்சா.

"ப்ளீஸ் மம்மி, கட் மை பே!"

சம்பளத்தை வெட்டச் சொல்லி ஒரு ஆள் அழுததை நான் இப்பதான் கண்டன்.

திரும்பப் போன் எடுத்தன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டு விட்டினம். நானும் ஜோசியும் செபமாலையைத் தொடங்கினம். பத்துப் பத்து மணியா அஞ்சு காரணிக்கமும் முடிஞ்சுது. மாதா பிரார்த்தனையும் முடிஞ்சுது. பரலோகத்தில இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டாச்சு, ஒபிசரை மட்டும் காணேல்லை!

கடைசியில வேற ஒரு பிள்ளை வந்தா.

"காலமை மகள் எண்டு சொல்லியிருக்கிறீங்கள்."

"அது பொய், பிள்ளை."

"பொய்யோ, மேடம்?"

"அவ எனக்கு மகளும் இல்லை, மருமகளும் இல்லை. ஒரு சொந்தமும் இல்லை!" எண்டு கத்தினன்.

பக்கத்தில ஜோசி கை தட்டுறா. "லவுடர், மம்மி!"

"கைச்செலவு எண்டும் எழுதியிருக்கு."

"அதுவும் பொய். அவ என்ர வேலையாள். நான் முதலாளி. கிழமைக்கு நாப்பது மணித்தியாலம். குடுக்கிறது சம்பளம், சம்பளம், சம்பளம்!"

பாதரிட்டைக்கூட நான் இவ்வளவு தெளிவாப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை.

நல்ல பிள்ளை. கணக்கைத் திரும்பத் திறந்துவிட்டா. மூண்டு வெட்டையும் ஆறுதலாச் சொல்ல, நான் கலண்டரின்ர பின்பக்கத்தில எழுதினன். பென்சனுக்கும் காப்புறுதிக்கும் முதலாளியும் தன்ர பங்கு போடவேணுமாம்.

"நானுமோ?"

"நீங்கள்தானே முதலாளி, மேடம்?"

அதையும் எழுதினன். ஜோசி கண்ணைத் துடைச்சுப்போட்டு, மிச்சப் புட்டைப் பேரனுக்குத் தீத்தப் போனா.

"கடைசிக் கேள்வி, மேடம். உங்கட வீட்டில வேற ஆராவது வேலை செய்யினமோ?"

இனி ஒரு பொய்யும் சொல்லுறேல்லை எண்டு இப்பதானே முடிவெடுத்தனான்.

"ஓம் பிள்ளை. நான் செய்யிறன். சமையல், கூட்டுறது, உடுப்புத் தோய்க்கிறது. முப்பத்திநாலு வருசமா. லீவும் இல்லை, சம்பளமும் இல்லை."

அவ தட்டிக்கொண்டே சத்தமா வாசிச்சா:

"வேறு வேலையாட்கள்: ஒருவரும் இல்லை."