டப்பா மாற்றித் தின்றவன்

இன்னொரு பெண்மணியின் நெய்ச்சோற்றுக்காக என் மனைவியை ஏமாற்றியிருக்கிறேன். அதுவும் எழுபது வயதில். (வாலிபத்தில் செய்திருந்தால் வயதின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம்.)

ஓய்வு பெற்ற பிறகு என்னால் வீட்டில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. செம்பூரில் எங்கள் வீடு சின்னது. நான் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தால் மனைவி கோமதிக்குச் சமையலறையைத் தவிர நிற்க இடமில்லை. அதனால் தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் மைதீன் பாய்க்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக்கொடுக்கப் போய்வந்தேன். அவர் கடையநல்லூர், நான் பாளையங்கோட்டை. அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் பாய்.

அப்போதுதான் எனக்குச் சுகர் என்றார் டாக்டர். மறுநாளே எங்கள் அடுப்பில் ஆட்சி மாறியது. கம்பு, கேப்பை, கொள்ளு, கீரை. சோறு பேருக்கு ஒரு கை. கோமதிக்குச் சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னாள்:

"ஒரே வீட்டுல ரெண்டு சமையலா? டப்பால நீங்க என்ன திங்கியளோ அதையே நானும் ஒரு மணிக்கு இங்க இருந்து திங்கேன். நான் எதுத்தாப்புல இருக்கேன்னு நெனச்சுக்கிடுங்க."

நெனச்சுக்கிட்டேன், முதல் நாள் டப்பாவைத் திறக்கும் வரை. பக்கத்தில் பாய் தன் டப்பாவைத் திறந்தார். நெய்ச்சோறு, குருமா. வாசனை என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"நெய்யக் கண்டாலே நெஞ்சு எரியுது அண்ணாச்சி, சுகர் வேற இருக்கு" என்றார் பாய். "வீட்டுல சுலைகாட்ட சொன்னா கேக்க மாட்டேங்கா. உங்க களியப் பாத்தா ஆசையா இருக்கு."

என் நாக்கு என்னைக் கேட்காமலே பேசியது: "எனக்கு ஒடம்பு தேறணும்னு டாக்டர் சொல்லிருக்காரு, பாய். வீட்டுலதான் நம்ப மாட்டேங்கா."

டப்பாக்கள் இடம் மாறின. அன்று மட்டும் என்றுதான் நினைத்தேன். (எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான்.)

சாயங்காலம் கோமதி கேட்பாள்: "களி எப்படி இருந்துச்சு?" நான் என்னத்தைக் கண்டேன்? அதனால் பாயிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வேன். "உப்பு லேசா தூக்கல்" என்பேன். மறுநாள் உப்பு குறையும். "கீரையில பூண்டு இன்னும் ரெண்டு போடலாம்" என்பேன். போடுவாள். இப்படி மாதக்கணக்கில் பாயின் நாக்குக்காக என் மனைவி சமைத்தாள்.

அடுத்த பரிசோதனையில் என் சுகர் முன்பைவிட ஏறியிருந்தது. "இப்படியே போனா இன்சுலின்தான்" என்றார் டாக்டர். சமையலில் தான் ஏதோ தப்புப் பண்ணுகிறோம் என்று எண்ணிய கோமதி அந்த ஒரு கைச் சோற்றையும் நிறுத்தினாள், இருவருக்கும். அவள் ரவிக்கைகள் தொளதொளத்தன. "பரவாயில்லையே, இளைச்சு அழகாயிட்டே" என்றேன் நான். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதீன் பாய் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகி, முகம் பளபளவென்று இருந்தார்.

"மதினி, என் சுகரப் பாத்து டாக்டரே அசந்துட்டாரு! மருந்தப் பாதியாக் கொறச்சுட்டாரு. எல்லாம் உங்க கைப்பக்குவம்."

"என் கைப்பக்குவமா?" என்றாள் கோமதி.

நான் துள்ளி எழுந்து மின்விசிறியைப் போட்டேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் அது நின்றுவிட்டது. "டீ போடட்டா?" என்றேன். "நீங்க இருங்க" என்றாள். இருக்கவில்லை, ஜன்னலுக்குப் போய் ஒன்றுமில்லாத தெருவை எட்டிப் பார்த்தேன்.

சுலைகா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெனமும் அண்ணாச்சி டப்பாவத்தான் இவுக திங்காகளாம். நேத்துதான் சொல்லுதாக. டப்பா வழிச்சுத் தொடச்சாப்புல வருதேன்னு பூரிச்சுப்போயி நான் நெய்யக் கூட்டிக்கிட்டே இருந்திருக்கேன்!"

கோமதி என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்னால், என் தொப்பையைப் பார்த்தாள். நான் ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொரு மூலையில் வைத்தேன்.

"அண்ணாச்சிக்கு ஒடம்பு தேறணும்னு டாக்டர்..." என்று ஆரம்பித்த பாய் நிறுத்தினார். "மதினி, அண்ணாச்சிக்கும் சுகரா?"

கோமதி தலையாட்டினாள். பாயின் முகம் சுருங்கியது. "நான் வெசத்தையில்ல குடுத்திருக்கேன்" என்றார்.

அவர்கள் போனபின் கோமதி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் களி எனக்குத் தொண்டையில எறங்காது. அங்க நீங்களும் இப்படித்தான கஷ்டப்படுதியன்னு நெனப்பேன். அப்புறம் எறங்கும்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் என் தட்டில் சோறு குவியலாக இருந்தது; மேலே வத்தக்குழம்பு, பக்கத்தில் நாலு அப்பளம். "வேணுங்கறத தின்னுங்க. இனி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத அப்பளம் அன்று மெல்ல மெல்ல மரத்தூளாக வாயில் சுழன்றது.

அதற்கடுத்த நாள் நான் சமையலறைக்குள் நுழைந்தேன். கீழ் வீட்டு மராத்தி அம்மாவிடம் கம்பு ரொட்டி தட்டக் கற்றேன். முதல் ரொட்டியைக் கொண்டு சுவரில் ஆணி அடித்திருக்கலாம். அது எனக்கு. கோமதிக்குச் சோறு, பருப்பு, அவள் எனக்காக விட்டிருந்த உருளைக்கிழங்கு வறுவல். பட்டறைக்குப் போவதை மதியத்துக்கு மேல் மாற்றிக்கொண்டு, ஒரு மணிக்கு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கெழங்கு வேகல" என்றாள். ஆனால் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். டாக்டரின் மிரட்டலால் முடியாதது இதில் முடிந்தது. எதிரே ஒருத்தி உட்கார்ந்து சாப்பிடும்போது கை தானாக அடங்குகிறது. கால்கூடச் சும்மா இருக்கிறது. சுகர் ஓரளவு இறங்கியிருக்கிறது, மாத்திரை நிற்கவில்லை. சுலைகாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "போங்க அண்ணாச்சி" என்று சிரித்தவர், அன்றிலிருந்து பாய்க்கும் கேப்பைக்களிதான் கொடுத்தனுப்புகிறார்.

புனேயிலிருந்து மகன் போன் செய்யும்போதெல்லாம் கேட்பான்: "அப்பா சாப்பிட்டாச்சாம்மா?"

"சாப்பிட்டாச்சு. யாரு வயித்துலன்னு கேட்டுச் சொல்லுதேன், இரு" என்பாள் கோமதி.

ஸ்பீக்கரில் மகன், மருமகள், தமிழ் பாதி புரியும் பேத்தி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் மட்டும் இன்னும் சிரிப்பதில்லை.