எங்கள் வீட்டுக்குப் படக்கூட்டத்தை அனுப்பிவைத்த மைத்துனனுக்கு

லெஸ்கோவா,
டிசம்பர், மூன்றாம் ஞாயிறு.

அன்புக்குரிய மைத்துனன் லுபோருக்கு,

உன் அத்தான் வோய்மிர் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக் கூரையும் ஓரளவு நலம். அங்கே பிராகில் நீயும் உன் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நீ நாற்காலி தேடியிருப்பாய். யாரும் போகவில்லை. ஒருவர் செத்தது உண்மைதான், ஆனால் அது படத்துக்காக, அவரும் சாப்பாட்டு வேளை வந்தால் எழுந்துவிடுவார். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னால், உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அக்கா மிலுஷேயை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நான் உனக்கு ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டைகூடப் போடவில்லை. காரணம் உனக்கே தெரியும். அன்றைக்குக் காற்று வந்து ஓதகரின் பித்தளை வாத்தியக் குழுவுடைய இசைத்தாள்களைக் கல்லறைத் தோட்டம் முழுக்க பறக்கவிட்டது. குழுவில் பாதிப் பேர் அவளுக்குப் பிடித்த வால்ட்ஸ் நடன இசையையும் மீதிப் பேர் ஏதோ பட்டாளத்து அணிவகுப்பு இசையையும் வாசிக்க, பாதிரியார் இரண்டுக்கும் மேலே குரலை உயர்த்திக் கத்த, நீ யாரோ ஒருவருடைய கல்லறைக் கல்லுக்குப் பின்னால் குனிந்து தோள் குலுங்க நின்றாய். நீ அழுகிறாய் என்று நினைத்துப் பாதிரியார் உன் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கப்புறம் உன்னோடு பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நீ என்னை மறக்கவில்லை பார். போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு சினிமாக் கூட்டமே லாரிகளோடு என் வாசலில் வந்து நின்றபோது, இது யார் வேலை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. படப்பிடிப்பு நிலையத்து உடைக் கிடங்கில் வேலை பார்க்கிற உன்னைத் தவிர சினிமாவில் யாருக்கு என் வீடு தெரியும்?

நான் தோட்டத்தில் காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கோட்டுப் பை நிறைய சூரியகாந்தி விதை, ஓயாமல் கொரித்தபடியே இருந்தாள். பெயர் ரதானா ஹோர்கா, அவள்தான் இயக்குநர். கல்லறைக்குப் போகிற சந்தில், பழத்தோட்டத்தோடு ஒரு பழைய வீடு வேண்டும் என்றாள். கதையையும் அங்கேயே நின்று சொன்னாள். மாவு ஆலைக்காரக் கஞ்சன் ஒருவன் செத்துப்போகிறான். அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஆளுக்கொரு வாத்தியக் குழுவை ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். ஊர்வலத்தில் இரண்டு குழுவும் போட்டி போடத் தொடங்க, பிணத்தை நடுச்சந்தில் வைத்துவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அதை எத்தனை தடவை கேட்டிருப்பார்களோ தெரியாது, மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கழிப்பறையை எத்தனை பேர் உபயோகிப்பார்கள் என்று கேட்டேன். அவள் கொரிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

“ஐயா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?”

“எடை அளவு ஆய்வாளர். இந்த மாவட்டத்துல எந்த பீர் கடையில கோப்பை அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.”

“அதான் பாத்தேன். வீட்டத் தராட்டியும் போகுது, இந்த மூஞ்சி எனக்கு வேணும்.”

இப்படித்தான் நான் நடிகன் ஆனேன். செத்தவனுடைய உயிலைக் கையில் வைத்திருக்கும் வக்கீல் வேடம். வசனம் கிடையாது. சவப்பெட்டி பக்கத்தில் நிற்க வேண்டும், என்ன நடந்தாலும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை என்றாள். அதை நான் பிறந்ததிலிருந்து சம்பளம் இல்லாமல் செய்துவருகிறேன் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். நகைச்சுவைப் படம் எடுக்கிறவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை.

அதற்குப் பிறகு என் வீடு பட்ட பாட்டைக் கேள். கதையில் வசந்த காலம், வெளியில் அக்டோபர் மாதம். ஆகவே என் பிளம் மரங்கள் எல்லாவற்றிலும் ஏணி போட்டு ஏறிக் காகிதப் பூக் கட்டினார்கள். தேனீக்கள் ஒரு காலை முழுக்க ஏமாந்து அலைந்துவிட்டுக் கோபத்தில் ஒளிப்பதிவாளரைக் கொட்டின, அவர் பயந்து என் கூரைமேல் ஏறினார், ஓடு உடைந்தது, அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் காட்சி பிரமாதமாக இருக்கிறது என்று அங்கேயே கேமராவை வைத்துவிட்டார். அதற்குள் ஓதகர் தன் பீர் கடையில் உட்கார்ந்துகொண்டு வோய்மிர் வீட்டுப் பிளம் மரம் இரண்டாம் தடவை பூத்திருக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டான். யிஹ்லவா நகரத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். விவசாயப் பள்ளியில் வேலை பார்த்த ஒருவர் பருவநிலை மாற்றம் பற்றி வேலியோரமாக நின்று உரையே நிகழ்த்தினார், மழை வந்து பூவெல்லாம் கூழாகிச் சட்டையில் ஒட்டும்வரை. அந்த மழையால் சவப்பெட்டி நனையக் கூடாது என்று அதைத் தூக்கிக்கொண்டுவந்து என் சமையலறையில் வைத்தார்கள். பிணமாக நடித்தவர் ஹுபெர்ட் ஷிமானெக். வயதானவர், நாலு பேர் சிரிக்கும்படியாகச் சாவதில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். அவருக்கு முதுகு வலி. என் சோபாவைவிடச் சவப்பெட்டி சௌகரியமாக இருக்கிறது என்று மதியத் தூக்கத்தை அதிலேயே வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் ரத்த அழுத்தத்தைச் சோதிக்கிற செவிலி வந்தாள். சமையலறையில் சவப்பெட்டி. பாவம், வோய்மிர்தான் போய்விட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே போயிருக்கிறாள். உள்ளே இருந்தவர் கண்ணைத் திறந்து, வந்ததுதான் வந்தாய், எனக்கும் பார்த்துவிட்டுப் போ என்று சட்டைக் கையை மடித்திருக்கிறார். அவளும் பயத்தில் பார்த்துவிட்டாள். இந்த ஊரிலேயே அவருக்குத்தான் அழுத்தம் ஒழுங்காக இருக்கிறது என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

கருமாதி விருந்துக் காட்சியைப் பற்றி என்ன சொல்ல. கிரீம் சாஸ் ஊற்றிய மாட்டிறைச்சியும் க்னெட்லிக் என்கிற மாவுக் கொழுக்கட்டையும் அண்டா அண்டாவாக வந்தன. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புதிதாகப் பரிமாற வேண்டுமாம். இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததும், யாராவது ஒருவர் வேண்டுமென்றே கேமராவைப் பார்த்துக் கையாட்டத் தொடங்கினார்கள். ரதானா கோபப்படவே இல்லை. சாயங்காலம் அவளும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் நடுவே உட்கார்ந்து, யார் யார் எந்தத் தடவை கெடுத்தார்கள் என்று பெயரோடு சொன்னாள். ஊரே அவளுக்கு அடிமையாகிவிட்டது.

இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன், லுபோர். அக்காவுக்குச் சினிமாப் பைத்தியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை தவறாமல் கூட்டிப்போவாள், நகைச்சுவைப் படம் மட்டும்தான். சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவாள், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பேன். அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள். அவள் போனபிறகு நான் திரையரங்குப் பக்கம் போகவில்லை. அழவும் இல்லை. அழுகிற இடமும் சிரிக்கிற இடமும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தது போல, அவள் சாவியைக் கொண்டுபோய்விட்டாள் போல இருந்தது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஊர்வலக் காட்சி எடுத்த நாள் காலையிலிருந்தே எல்லாரும் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளாக நடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள், பாதிரியாராக நடித்தவர் சிரித்துவிட்டார், ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவரே சிரித்து அதைப் பிணத்தின் மேல் போட்டுவிட்டார். நான் மட்டும் அசையவில்லை. ரதானா என்னைக் காட்டி அவர்களைத் திட்டினாள். கடைசியாக ஒரு தடவை என்றாள். ஒரு பக்கம் பிராகிலிருந்து வந்த குழு அணிவகுப்பு இசை வாசித்தது. மறுபக்கம் நம் ஓதகரின் குழு. அவன் அந்த மலைப்பாம்பு மாதிரியான டூபா ஊதுகுழலைத் தோளில் சுற்றிக்கொண்டு வாசித்தது உன் அக்காவுடைய வால்ட்ஸ். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்குச் சரியாகத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். நான் கீழே குனிந்து பார்த்தேன். சவப்பெட்டியில் ஷிமானெக் கண்ணை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு பக்காப் பிணமாகக் கிடக்கிறார். ஆனால் கறுப்புக் காலுறைக்குள் அவருடைய கட்டைவிரல் மட்டும் வால்ட்ஸுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்கு முதலில் விக்கல் என்றுதான் தோன்றியது. அப்புறம் அது சிரிப்பாக வெளியே வந்தது. நிறுத்தத் தெரியவில்லை, பழக்கம் இல்லாத ஆளுக்கு எப்படித் தெரியும். உயில் கையிலிருந்து விழுந்தது, தொப்பி விழுந்தது, நானும் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. இரண்டு குழுவும் வாசிப்பதை நிறுத்திவிட்டது. ஷிமானெக் சவப்பெட்டியிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து வெளியே வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

“யாரு?” என்று மட்டும் கேட்டார்.

“என் பெண்டாட்டி.”

“நல்லா சிரிப்பாங்களோ?”

“எனக்கும் சேத்து அவதான் சிரிச்சிட்டிருந்தா.”

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் அவர், “எந்திரிங்க ஐயா, ஈரம். எனக்கு முதுகு, உங்களுக்கு அழுத்தம்,” என்றார்.

நான் கெடுத்த அந்தக் காட்சியை எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ரதானா மறுநாள் வந்து என் சமையலறையில் விதை கொரிக்காமல் உட்கார்ந்து, அதை வைத்துக்கொள்ளலாமா, உங்களுக்கு மனக்கஷ்டம் என்றால் என் கையாலேயே அழித்துவிடுகிறேன் என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன். போன மாதம் நம் ஊர்க் கலாச்சார மண்டபத்தில் படம் போட்டார்கள். நான் சிரிக்கத் தொடங்குகிற இடம்வரைதான் வைத்திருந்தாள், அதற்கு மேல் நடந்தது எங்களோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கதையில் அந்த வக்கீல் எதற்குச் சிரிக்கிறான் தெரியுமா? உயிலில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். மண்டபமே இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. என் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லை நான். அந்த இடத்தில் நானும் சிரித்தேன், கொஞ்சம் முன்கூட்டியே.

படம் முடிந்து ஓதகரின் கடைக்குப் போனோம். அவன் என் முன்னால் ஒரு கோப்பையை வைத்துவிட்டு, “அளந்து பாக்கணுமா?” என்று கேட்டான். வேண்டாம், இன்றைக்குக் குடிக்கத்தான் வந்தேன் என்றேன். ஒரு விரல் குறைவாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

இதெல்லாம் உன்னால்தான், லுபோர். கல்லறைக் கல்லுக்குப் பின்னால் அன்றைக்கு உனக்கு வந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், எனக்கும் வந்துவிட்டதே. உன் அக்கா இருந்திருந்தால் உன்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பாள். அத்தனை பேர் இருக்கிற சினிமா உலகத்தில் என்னை நினைத்து, இவர்களை என்னிடம் அனுப்பிவைத்த உன் நல்ல மனசுக்கு நான் கடமைப்பட்டவன். கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. உன் முழங்கால் தேறவும், கிடங்கில் பூச்சி அரிக்காமல் இருக்கவும், உனக்கு எல்லா நலமும் சேரவும் இந்த அத்தானின் மனப்பூர்வமான ஆசிகள்.

உன் நன்றியுள்ள,
வோய்மிர் குட்ர்னா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ரதானா தொலைபேசியில் கூப்பிட்டாள். உனக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப்பிடிக்க வேண்டியதாயிற்று. நடந்ததை அப்புறம்தான் சொன்னாள். உடைக் கிடங்கில் வந்து, கல்லறைச் சந்தில் வீடு ஏதாவது தெரியுமா என்று அவள் கேட்டபோது, “லெஸ்கோவாவுல எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போங்க, எங்க அத்தான் வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அந்த மூஞ்சியப் பாத்தா உங்க படமே சோகப் படமாயிடும்,” என்றாயாமே. அப்படி ஒரு மூஞ்சியா என்று பார்க்கத்தான் நேராக இங்கே வந்தாளாம். ஆகவே மேலே எழுதிய நன்றி முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடமைப்பட்டவன் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஆசிகளில் முழங்காலுக்கு உரியதை மட்டும் விட்டுவைக்கிறேன். இதை எழுதும்போது பேனா ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், எனக்கு மறுபடியும் அந்த விக்கல் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதே. பண்டிகை விருந்துக்கு இரண்டு பேருக்கு என்று பெரிய கெண்டை மீனாக உயிரோடு வாங்கிவிட்டேன், அது இப்போதே குளியல் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் வா, நான் குளிக்க வேண்டும்.